தக்கை அசையவில்லையா? அயர்லாந்தின் சின்ன ஏரிகளில் தூண்டில் போடுபவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

அயர்லாந்தில் கேவன், லீட்ரிம், மொனஹன் கவுன்டிகளில் வண்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓர் ஏரி எதிர்ப்படும். கேவனில் மட்டும் வருஷத்தின் நாளுக்கு ஒன்றாக 365 ஏரிகள் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பனியுகத்தில் பனிப்பாறைகள் இழைத்துவிட்டுப் போன மண்மேடுகள் கூடையில் அடுக்கிய முட்டை மாதிரி வரிசையாகக் கிடக்கின்றன. ட்ரம்லின் என்று பெயர். அந்த மேடுகளின் இடுக்கில் தேங்கிய நீர்தான் இந்த ஏரிகள். சுற்றிலும் நாணல், கரையோரம் அல்லி, மேட்டில் மாடுகள்.

சால்மனையும் ட்ரவுட்டையும் இங்கே கேம் மீன் என்பார்கள். ப்ரீம், ரோச், ரட், டென்ச், பெர்ச், பைக் இதெல்லாம் கோர்ஸ் மீன். இந்தக் குறிப்பு கோர்ஸ் மீனுக்கானது. தூண்டில் போடத் தெரிந்தும் ஏதோ ஒன்று இடறுகிறது என்பவர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் சிக்கல் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். முள், இரை, இடம் மூன்றையும் சேர்த்து மாற்றினால், மீன் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

இரண்டு மணி நேரமாக ஒரு கடியும் இல்லை

எல்லோரும் உடனே இரையை மாற்றுவார்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆழம் பாருங்கள்.

நான் இதை அடித்துச் சொல்லக் காரணம் உண்டு. லீட்ரிமில் பாலினமோர் பக்கத்து ஏரி ஒன்றுக்கு இரண்டு கோடைகாலம் விடாமல் போனேன். தூரத்தில் எறிந்தால்தான் பெரிய மீன் என்ற நம்பிக்கையில் நாற்பது மீட்டருக்கு எறிந்துகொண்டிருந்தேன். அத்தி பூத்தாற்போல ஒரு மீன் வரும். ஒருநாள் காற்றே இல்லை, தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. அன்றைக்குத்தான் உட்கார்ந்து ஆழம் பார்த்தேன். கரையிலிருந்து பதினைந்து மீட்டர் வரை தரை மெல்லச் சரிந்தது, பிறகு சட்டென்று இறங்கி மூன்றரை மீட்டர் ஆனது. அதற்கப்புறம் ஒரே சமதளம். சமதளத்திலிருந்து இழுத்த ஈயத்தில் கருஞ்சகதி அப்பியிருந்தது, அழுகிய முட்டை வாசம் அடித்தது. இரண்டு வருஷமாக நான் தீனியைக் கொட்டியது அந்தச் சகதிக்குள்தான். சரிவின் அடியில் போட்ட ஈயமோ சுத்தமாக, கொஞ்சம் மணலும் ஒரு நத்தை ஓடும் ஒட்டிக்கொண்டு வந்தது. அங்கேயே போட்டேன். அரை மணியில் முதல் ப்ரீம் வந்துவிட்டது.

தக்கை போடுபவர்கள் அடியில் கார்க் வைத்த ஆழம் பார்க்கும் ஈயத்தை முள்ளில் மாட்டி இறக்குங்கள். தக்கை முழுகிவிட்டால் ஆழம் போதவில்லை, தக்கையை மேலே ஏற்றுங்கள். படுத்துக்கொண்டால் அதிகம், கீழே இறக்குங்கள். தலை மட்டும் நிமிர்ந்து நின்றால் அதுதான் சரியான ஆழம். ஃபீடர் (தீனியை அடைத்து நரம்பில் கட்டி எறியும் சின்ன ஈயக்கூண்டு) போடுபவர்கள் வெறும் ஃபீடரை எறிந்து, தண்ணீரைத் தொட்டதிலிருந்து நரம்பு தளரும் வரை எண்ணுங்கள். ஐந்து ஐந்து மீட்டராகத் தள்ளி எறிந்து எண்ணினால் சரிவு எங்கே என்று தெரிந்துவிடும். ஃபீடர் தரையில் ‘டொக்’ என்று உட்கார்ந்தால் கெட்டித் தரை. பஞ்சில் விழுந்த மாதிரி இருந்து, இழுக்கும்போது பிடித்துக்கொண்டு வந்தால் சகதி. வேறு வழியில்லாமல் சகதியில்தான் போட வேண்டும் என்றால் எடை குறைந்த ஃபீடராகப் போட்டு, முள் நரம்பை ஒரு மீட்டர் வரை நீட்டிவிடுங்கள். இரை சகதியின் மேலே படுக்கும்.

ஆழம் சரி, இன்னும் கடி இல்லை என்றால் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். 1990களில் ஜீப்ரா சிப்பி என்ற சின்ன வரிச்சிப்பி ஷானன் நதிக்குள் வந்து சேர்ந்தது. படகுகளில் ஒட்டிக்கொண்டு எர்ன் நதியின் நீர்ப்பரப்புக்கும் பரவியது. இந்தச் சிப்பி தண்ணீரை வடிகட்டித் தின்னும், அதனால் கலங்கலாக இருந்த ஏரிகள் தெளிந்துவிட்டன. தெளிந்த ஏரியில் ப்ரீமும் ரோச்சும் நடுப்பகலில் கரைப்பக்கம் வரத் தயங்கும். அப்படிப்பட்ட இடத்தில் காலை பத்து மணிக்குப் போய் நான்கு மணிக்குத் திரும்புவது வீண். விடியலிலோ, சூரியன் இறங்கிய பின்னோ உட்காருங்கள். ஜூனில் இங்கே இரவு பத்து மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், வேலை முடிந்து வந்தாலும் நேரம் கிடைக்கும்.

அடுத்தது காற்று. இங்கே தென்மேற்குக் காற்றுதான் அதிகம். அது அடித்துச் சேரும் கரையில்தான் கோடையில் சூடான மேல்தண்ணீரும் உணவும் ஒதுங்கும். முகத்தில் காற்று அடிக்கும் என்று அந்தக் கரையைத் தவிர்க்காதீர்கள். கிழக்கே இருந்து குளிர்காற்று வீசும் நாளில் மட்டும் மறைவான கரைக்குப் போங்கள்.

நுனி வெடுக்கென்று வளைகிறது, சுண்டி இழுத்தால் ஒன்றும் இல்லை

ஃபீடரில் இதற்குப் பெரும்பாலும் காரணம் ப்ரீம்தான், ஆனால் அது கடிக்கவில்லை. ப்ரீம் தட்டையான, அகலமான மீன். கூட்டமாக மேயும்போது அதன் உடம்பு நரம்பில் உரசும், கோல் நுனி வளைந்து உடனே பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்கெல்லாம் சுண்டினால் கூட்டம் மிரண்டு ஓடும். கையைக் கட்டுப்படுத்துங்கள். நிஜமான ப்ரீம் கடி நிதானமானது. நுனி மெல்ல வளையும், வளைந்தபடியே நிற்கும். அப்போது கோலைத் தூக்கினாலே போதும். உரசல் தொடர்ந்து வந்தால் மீன் உங்கள் ஃபீடருக்கு இந்தப் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். ஐந்து மீட்டர் குறைத்து எறியுங்கள்.

தக்கையில் நிலைமை வேறு. தக்கை துள்ளித் துள்ளி ஆடி, இரையாக வைத்த ஈப்புழு சாறு உறிஞ்சிய வெறும் தோலாகத் திரும்பி வந்தால், கடிக்கும் மீனுக்கு முள் பெரிசு. பதினான்கிலிருந்து பதினெட்டாம் எண்ணுக்கு இறங்குங்கள். எண் கூடக் கூட முள் சின்னதாகும். புழுவைக் கொழுத்த முனையில் தோலை மட்டும் பிடித்துக் குத்தினால், முள்முனை வெளியே நிற்கும்.

முதல் மணி நேரம் நன்றாக வந்தது, பிறகு ஓய்ந்துவிட்டது

எப்படி ஓய்ந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சுவிட்சை அணைத்த மாதிரி நின்றிருந்தால் பைக் வந்திருக்கிறது. சின்ன மீன்கள் தண்ணீருக்கு மேலே சிதறித் துள்ளியிருக்கும், அல்லது கடைசியாக வந்த ரோச்சின் இரு பக்கமும் புதுப் பல்கீறல் இருக்கும். கால் மணி நேரம் சும்மா விடுங்கள். போகவில்லை என்றால் பத்து மீட்டர் தள்ளி இன்னோர் இடத்தில் போடுங்கள். இரண்டாவது கோலில் எஃகுக் கம்பி கட்டி, செத்த மீனை இரையாக வைத்து அந்தப் பைக்கையே பிடிக்கலாம். உயிர்மீனை இரையாக வைப்பது சட்டப்படி குற்றம். ஒரே நேரத்தில் இரண்டு கோலுக்கு மேல் போடுவதும் கூடாது.

கடிகள் ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்று மெல்லத் தேய்ந்திருந்தால் தீனி தீர்ந்துவிட்டது. ப்ரீம் கூட்டம் தின்றுவிட்டு நகர்ந்துவிடும். இந்த நேரத்தில் பெரிய உருண்டைகளை மேலே வீசினால் மிச்சம் இருப்பதும் ஓடிவிடும். ஃபீடரை நிரப்பி, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் இறக்குங்கள். ரீலின் கிளிப்பில் நரம்பை மாட்டிவிட்டால் தூரம் மாறாது.

மூன்றாவது காரணம் உங்கள் கால். இங்கே மீன்பிடிக்கும் இடங்களில் மரமேடை போட்டிருப்பார்கள். அதில் நடந்தால் கீழே தண்ணீருக்கு மத்தளம் மாதிரி கேட்கும். உட்காரும் முன்பே எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீனி உருண்டை வானத்திலேயே உடைகிறது, அல்லது ஃபீடர் நிரப்பியபடியே திரும்பி வருகிறது

இரண்டும் ஒரே தப்பு: தண்ணீர் அளவு. கடைகளில் கிடைக்கும் ரொட்டித்தூள் கலவையை அகலப் பாத்திரத்தில் கொட்டுங்கள். ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, விரல்களை விரித்துக் கலக்குங்கள், புட்டுக்கு மாவு விரவுகிற பதம்தான். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். இந்த இடத்தில் நிறுத்திவிட்டு இருபது நிமிஷம் காத்திருங்கள். தூள் தண்ணீரைக் குடித்து, பார்த்தால் மறுபடி காய்ந்த மாதிரி தெரியும். இன்னொரு கை தெளித்து, சல்லடையில் தேய்த்து இறக்குங்கள். கட்டி எதுவும் இருக்கக் கூடாது. பொறுமையில்லாமல் முதலிலேயே நிறையத் தண்ணீர் விட்டால் களி ஆகிவிடும், அதற்கு உலர்ந்த தூளைச் சேர்ப்பதைத் தவிர வழியில்லை.

சோதிக்க, ஓர் உருண்டையைக் கரையோரம் கணுக்கால் ஆழத்தில் போட்டுப் பாருங்கள். அடியைத் தொட்டதும் ஓரங்கள் பொங்கி, இரண்டு மூன்று நிமிஷத்தில் குவியலாகச் சரிந்தால் சரி. ஆழமான இடத்துக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கள். வயலில் மோல் என்ற வளை தோண்டும் பிராணி கிளறிய மண் சேர்க்கலாம் என்று இங்கிலாந்துப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அயர்லாந்தில் மோல் கிடையாது, தேடி அலைய வேண்டாம்.

எவ்வளவு போடுவது? சின்ன ஏரிக்குத் தொடக்கத்தில் ஆரஞ்சுப் பழ அளவில் ஆறு உருண்டை போதும். நறுக்கிய மண்புழுவும் இனிப்புச்சோளமும் அதிலேயே கலந்துவிடுங்கள். ப்ரீமுக்கென்றே போகிறீர்கள், பக்கத்திலேயே தங்கியிருக்கிறீர்கள் என்றால், மூன்று மாலை தொடர்ந்து ஒரே இடத்தில் தீனி போட்டுவிட்டு நான்காம் நாள் விடியலில் தூண்டில் போடுங்கள். இதற்கு இணையான வேறு வழி எனக்குத் தெரியாது.

சின்ன மீனாகவே வருகிறது

மேலே மிதக்கும் குட்டி ரட், புழு கீழே இறங்குவதற்குள் கவ்விவிடும். சின்ன ஈயக்குண்டுகளை முள்ளுக்கு அருகில் இறக்கிவிட்டால் இரை சீக்கிரம் அடிக்குப் போகும். புழுவை விட்டுவிட்டு இரண்டு சோளமணி கோருங்கள். மண்புழுவுக்கு வரிசையாகப் பெர்ச் குஞ்சுகள் வந்தாலும் சோளம்தான் மருந்து.

குமிழி வருகிறது, கடி வரவில்லை

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு படபடக்கும். அல்லி இலைகளின் ஓரம், மே கடைசி அல்லது ஜூன், விடியற்காலை. ஊசிமுனை அளவுக் குமிழிகள் நுரையாகப் பொங்கும், அடங்கும், ஒரு முழம் தள்ளி மறுபடி பொங்கும். அது டென்ச். சேற்றைக் கிளறி மேய்கிறது. பெரிய குமிழிகள் ஒரே இடத்தில் எப்போதாவது வந்து நின்றால், அது மட்கும் இலைகளின் வாயு.

டென்ச் மேய்கிறது, ஆனால் சேற்றுக்குள் இருக்கும் சின்னச் சின்ன செம்புழுக்களைத் தின்பதில் மும்முரமாக இருக்கிறது. உங்கள் இரையை அது பார்க்கவே இல்லை. குமிழியின் நடுவில் எறியாதீர்கள், அது போகும் திசையில் ஒரு மீட்டர் முன்னே மெதுவாக இறக்குங்கள். சிவப்பு மண்புழுவின் சின்ன வால்துண்டு, பன்னிரண்டாம் எண் முள். இரை தரையில் படுத்திருக்க வேண்டும், தொங்கக் கூடாது. அதற்கு ஆழத்தைவிட ஒரு சாண் அதிகமாகத் தக்கையை ஏற்றுங்கள். தக்கை முதலில் நடுங்கும், லேசாக எழும்பும், சாயும். அதற்கெல்லாம் சுண்டாதீர்கள். நழுவி முழுகும்போது சுண்டுங்கள். நரம்பு ஆறு பவுண்டு வலுவுக்குக் குறையக் கூடாது. டென்ச் நேராக அல்லித் தண்டுக்குள்தான் பாயும், முதல் நொடியிலேயே பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும்.

நரம்பு அறுந்துபோகிறது

அறுந்த முனையை விரலில் உருட்டிப் பாருங்கள், அதுவே காரணத்தைச் சொல்லிவிடும். கத்தியால் வெட்டிய மாதிரி சுத்தமாக இருந்தால் பைக்கின் பல். பைக்குக்கு எப்போதும் எஃகுக் கம்பி கட்டுங்கள். இல்லாவிட்டால் அது முள்ளை வாயில் சுமந்துகொண்டு திரியும், பாவம். முனைக்கு மேலே ஒரு சாண் நீளம் சொரசொரவென்று பிசிறடித்திருந்தால் ஜீப்ரா சிப்பி ஓடுகளிலோ கல்லிலோ உரசியிருக்கிறது. சிராய்ந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டுக் கட்டுங்கள். முனை பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்தீர்களா?

மீன் முள்ளை விழுங்கிவிட்டது

பெர்ச்சுக்கு அகன்ற வாய், பேராசை. மண்புழு போட்டிருந்தால் தக்கை அசைந்ததுமே சுண்டுங்கள். முதுகுத் துடுப்பு முள்ளாகக் குத்தும், செவுள் மூடியும் கூர். கையை நனைத்து, துடுப்பைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவி மடக்கிப் பிடியுங்கள். முள்ளெடுக்கும் குச்சியை நரம்போடு உள்ளே ஓட்டி, லேசாக உள்பக்கம் அழுத்தினால் முள் விடும். வராவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம், நரம்பை முள்ளுக்கு மிக அருகில் வெட்டி விட்டுவிடுங்கள். விலாங்கு மாட்டினாலும் அப்படியே. 2009லிருந்து விலாங்கு பிடிப்பதற்கே தடை இருக்கிறது, உயிரோடு திரும்ப விட்டாக வேண்டும். நுனியில் எதிர்முள் இல்லாத முள் பயன்படுத்தினால் இந்தச் சிரமத்தில் பாதி இல்லை.

என்ன மீன் என்று தெரியவில்லை

வெள்ளி உடம்பு, சிவந்த கண், இரு தாடையும் சமமாக இருந்தால் ரோச். பொன்நிறம், ரத்தச் சிவப்புத் துடுப்பு, மேல்நோக்கிய வாய், முதுகுத் துடுப்பு வயிற்றுத் துடுப்பைவிடப் பின்தள்ளி இருந்தால் ரட். பழைய தலைமுறை ஐரிஷ்காரர்கள் ரட்டையே ரோச் என்பார்கள், குழம்ப வேண்டாம். உண்மையான ரோச் 1889இல்தான் மன்ஸ்டரின் பிளாக்வாட்டர் நதியில் வந்து சேர்ந்தது. பிறகு நாடெங்கும் பரவி, ப்ரீமோடும் ரட்டோடும் கலந்து முட்டையிட்டது. ரோச் மாதிரி முகமும், ப்ரீம் மாதிரி நீண்ட அடித்துடுப்பும் இருந்தால் அது கலப்பினம். இந்த ஏரிகளில் அது சாதாரணம், கோலில் நன்றாகவே சண்டை போடும்.

நாணலுக்குள் ஒரே சளசளப்பு, ஒன்றும் தின்னவில்லை

முட்டையிடுகின்றன. ஆண் ப்ரீமின் தலையில் வெள்ளைப் பொரிகள் தெரியும். மே, ஜூனில் சில நாட்கள் இப்படி இருக்கும். வேறு ஏரிக்குப் போய்விடுங்கள்.

தண்ணீரில் பச்சைப் பெயின்ட் கொட்டிய மாதிரி படலம்

நீலப்பச்சைப் பாசி. சில வகைகளில் நஞ்சு உண்டு. கையை நனைக்காதீர்கள், நாயை, குழந்தையை அருகில் விடாதீர்கள். அன்றைக்கு மீன்பிடிக்க வேண்டாம்.

உள்ளே போகலாமா, மீனை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?

அயர்லாந்துக் குடியரசில் கோர்ஸ் மீனுக்கு அரசு லைசென்ஸ் தேவையில்லை, சில தனியார் ஏரிகளில் மட்டும் அனுமதிச்சீட்டு கேட்பார்கள். ஆனால் கேவனிலிருந்து கொஞ்சம் வடக்கே போனால் ஃபெர்மனா வந்துவிடும். அது வட அயர்லாந்து, அங்கே லைசென்ஸ் கட்டாயம். எல்லையைத் தாண்டியது தெரியாமலே போகலாம், வரைபடத்தைப் பாருங்கள்.

ஏரிக்குப் போகும் வழி பெரும்பாலும் யாரோ ஒரு விவசாயியின் வயல். வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள், அநேகமாகச் சரி என்பார். மூடியிருந்த கேட்டை மூடுங்கள், திறந்திருந்ததைத் திறந்தபடி விடுங்கள். மேலே மின்கம்பி போகும் வயலில் கார்பன் கோலைப் பிரித்துக் கீழே பிடித்துக்கொண்டு நடங்கள். கார்பனில் மின்சாரம் பாயும்.

குழம்புக்கு எடுத்துப் போகும் விஷயத்தில் நம் ஆட்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் தெளிவாகச் சொல்கிறேன். 2006ஆம் ஆண்டின் விதிப்படி ஒருவர் ஒரு நாளில் நான்கு கோர்ஸ் மீனுக்கு மேல் கொல்லக் கூடாது, அந்த நான்கிலும் எதுவும் 25 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பைக் என்றால் ஒன்றே ஒன்று, 50 சென்டிமீட்டருக்கு உள்ளே. அதாவது பெரிய மீன் கட்டாயம் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும். அதுதான் நியாயமும். குளிர்ந்த இந்த ஏரிகளில் ப்ரீம் மெதுவாகத்தான் வளரும், நல்ல எடைக்கு வரப் பல வருஷம் ஆகும். உங்கள் வலையில் கிடக்கும் பெரிய ப்ரீமுக்கு உங்கள் பிள்ளையைவிட வயது அதிகமாக இருக்கலாம்.

ஒரு ஏரி முடிந்து, நேராக இன்னொன்றுக்குப் போக வேண்டும்

ஈர வலையோடு போகாதீர்கள். 2015இல் கேவன் கவுன்டியின் ப்ரஸ்கி ஓடையில் நண்டுக்கொள்ளை நோய் உறுதியானது. அயர்லாந்தின் வெண்கொடுக்கு நன்னீர் நண்டினம் அதற்குக் கூட்டம் கூட்டமாகச் சாகும். ஈரமான பூட்சும் வலையும் அந்தக் கிருமியை அடுத்த தண்ணீருக்குக் கொண்டுபோகும். ஒட்டிய பாசியையும் சகதியையும் அந்த ஏரிக் கரையிலேயே கழுவிவிடுங்கள். வீட்டுக்கு வந்து வலை, பூட்ஸ், மீனைக் கிடத்தும் பாய் எல்லாவற்றையும் விரித்துப் போட்டு, முழுக்கக் காய்ந்த பிறகும் 48 மணி நேரம் விடுங்கள். மழைக்காலத்தில் அதற்கு நேரமில்லை என்றால் கிருமிநாசினியில் ஊறவைத்து எடுங்கள். நான் இப்போது இரண்டு வலை வைத்திருக்கிறேன். ஒன்று கொட்டகையில் காயும்போது இன்னொன்று என்னோடு வரும்.